க்ரூகர் நாலு நாள் சஃபாரி ரிவ்யூ: அந்தப் பெரியவர் கைடா கிடைச்சா மட்டும் போங்க

போன ஜூன்ல ஊர்ல இருந்து அப்பா வந்திருந்தாரு. ஜோஹன்னஸ்பர்க்ல மால் மாலா சுத்தறதுக்கு பதிலா க்ரூகர் நேஷனல் பார்க் கூட்டிட்டுப் போலாம்னு நாலு நாள் மூணு ராத்திரி பேக்கேஜ் ஒண்ணு புக் பண்ணோம், நான், எங்க வீட்டுக்காரர், பொண்ணு, அப்பா, மொத்தம் நாலு பேரு. ஃபலபோர்வா கேட் வழியா உள்ள போய் லெட்டாபா கேம்ப்ல ரெண்டு ராத்திரி, கடைசி ராத்திரி பார்க்குக்கு வெளிய ஒரு பிரைவேட் ரிசர்வ்ல. டூர் கம்பெனி பேரு இங்க போடல. குறையும் சொல்லப் போறேன், அதோட அவங்ககிட்ட வேலை பாக்கற ஒரு பெரியவர் எங்ககிட்ட மனசு விட்டுப் பேசினதயும் எழுதப் போறேன், அவருக்கு இதனால ஒரு சங்கடம் வந்துடக் கூடாது.

குறைய முதல்ல சொல்லிடறேன். நாலு பக்கமும் ஓப்பனா இருக்கற சஃபாரி வண்டின்னு சொல்லித் தான் காசு வாங்கினாங்க, முதல் நாள் வந்தது கண்ணாடி ஏத்தின மினிவேன். கேட்டா "நாளைக்கு மாத்திடுவோம்"ன்னாங்க, மாத்தவும் செஞ்சாங்க, ஆனா முதல் நாளுக்கு உண்டான வித்தியாசத்த திருப்பித் தர மூணு வாரம் ஆச்சு, நாலு மெயில் போட வேண்டியதாச்சு. சைவம் கேட்டா சீஸ் சான்ட்விச் தான், மூணு வேளையும். நாங்க புளிசாதம் கட்டிட்டுப் போனதால தப்பிச்சோம். ரூம் நல்லா இருந்துச்சு, கேம்ப் சுத்தம், புஷ்பக் அப்படிங்கற மான் ரூம் வாசல்லயே மேயுது, பயமே இல்லாம, என் பொண்ணு அதப் பாத்துட்டே சாப்பிட்டா. இவ்வளவு தான் அந்தக் கணக்கு.

இனி நான் எழுத வந்த விஷயம்.

முதல் நாள் வந்த கைடு சின்னப் பையன், துறுதுறுன்னு இருந்தான், மிருகத்தக் கண்டுபிடிக்கறதுல கெட்டிக்காரன். கேட் தாண்டி லெட்டாபா போற ரோட்டுல ரெண்டு பக்கமும் மொபானி மரம், பாதிக்கு மேல இடுப்பு உயரத்துல முறிஞ்சு கிடக்குது, யானை முறிச்சது. எங்க கூட வேன்ல ஜெர்மனிக்காரங்க ஒரு புருஷன் பொண்டாட்டி. அந்தம்மா முறிஞ்ச மரத்தப் பாத்துட்டு ஏன் இப்படின்னு கேட்டாங்க. பையன் உடனே "யானை ஜாஸ்தி ஆயிடுச்சு, முந்தி எல்லாம் வருஷா வருஷம் சுட்டுக் குறைச்சாங்க, வெளிநாட்டுக்காரங்க அழுததால நிறுத்திட்டாங்க, மறுபடி பாதியச் சுட்டாத் தான் காடு பொழைக்கும்"னான். அந்தம்மா முகம் செவந்து போய் "அது கொலை"ன்னாங்க. "உங்க ஊர்ல யானை இருக்கா"ன்னு அவன் கேட்டான். அதோட பேச்சு நின்னு போச்சு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, வண்டி சிங்கத்தத் தேடிப் போயிடுச்சு.

அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. என்ன சண்டைன்னு கேட்டாரு, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அத்தனை இருந்தா கொறைச்சுத் தானே ஆகணும் அம்மிணி"ன்னாரு. எனக்கு திக்குனு ஆச்சு. ஆனா அவர் ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். எங்க தோட்டம் கோயமுத்தூர் பக்கம் தடாகத்துல, மலை அடிவாரம். வாழை குலை தள்ற நேரமாப் பாத்து ராத்திரி யானை வரும், விடிஞ்சு போய்ப் பாத்தா ஒரு வருஷத்துப் பாடு சப்பையா மிதிச்சுக் கிடக்கும். பட்டாசு வெடிச்சு, டின் தட்டி, சோலார் வேலி போட்டு, அகழி வெட்டி, எல்லாம் பாத்தாச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர மிதிச்சுக் கொன்னிருக்கு. அப்பா யானைய சாமின்னு கும்பிடறவரும் தான், யானைக்கு பயந்து ராத்திரி தூங்காதவரும் தான். அதனால அவர் சொன்னத ஈவு இரக்கம் இல்லாத பேச்சுன்னு தள்ள எனக்கு வாய் வரல.

அன்னைக்கு சாயங்காலம் லெட்டாபா கேம்ப்ல இருக்கற எலிஃபன்ட் ஹால்ங்கற மியூசியம் போனோம். கேம்ப்ல தங்கறவங்க யாரும் இத விட்டுடாதீங்க, மிருகம் தேடற அவசரத்துல நிறைய பேர் எட்டிப் பாக்காமயே போயிடறாங்க. க்ரூகர்ல வாழ்ந்த பெரிய கொம்பன்கள்ல ஏழுக்கு "மேக்னிஃபிசன்ட் செவன்"னு பேரு, அதுல ஆறோட தந்தம் இங்க இருக்கு. ஜோவாவோங்கற ஏழாவது யானைக்கு உயிரோட இருக்கும்போதே தந்தம் முறிஞ்சு போச்சு, அதனால அது இல்ல. ஷாவுங்கற யானையோட தந்தம் ஒண்ணு 317 சென்டிமீட்டர், எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு கையத் தூக்கினா மேல இன்னும் இருக்கு. ஆனா நான் ரொம்ப நேரம் நின்னது மஃபுன்யானே கிட்ட. ரெண்டு தந்தமும் ஒரே அளவு, 251 சென்டிமீட்டர், ஒண்ணொண்ணும் 55 கிலோ, தரையத் தொடற நீளம், உரசி உரசி முனை தேஞ்சிருக்கு. உத்துப் பாத்தா நம்ம வீட்டு அம்மிக்கல்லு மாதிரி மழமழன்னு அந்த இடம். எத்தனை வருஷம் தலையத் தூக்கித் தூக்கி நடந்திருக்கும்! அப்பா கண்ணாடிக்குப் பக்கத்துல போயி கை கூப்பினாரு, யாரும் பாக்காத மாதிரி, நான் பாத்தேன்.

ரெண்டாவது நாள் விடிகாலை ஓப்பன் வண்டி வந்துச்சு, அதோட கைடும் மாறிட்டாரு. அறுபது வயசு இருக்கும், சோங்காங்கற உள்ளூர் மொழி பேசறவர், முந்தி காட்டுல ஃபீல்ட் வேலை பாத்தவர். பேரு எழுத வேண்டாம்னு நானே முடிவு பண்ணிட்டேன், பெரியவர்னே சொல்றேன். முதல் வேலையா எங்களுக்கு "அவுஷெனி"ன்னு வணக்கம் சொல்லக் கத்துக் குடுத்தாரு, யானைக்கு "ண்ட்லொஃப்பு"ன்னு பேருன்னாரு. அப்புறம் ஒரு மணி நேரம் அவர் எதுவுமே பேசல. அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

லெட்டாபா ஆறு ஜூன்ல பாதி மணலா கிடக்கும். ஒரு திருப்பத்துல வண்டிய நிறுத்தி இன்ஜின அணைச்சிட்டாரு. கீழ ஆத்து மணல்ல பதினாலு யானை. ஓடற தண்ணி இருபதடி தள்ளி இருந்தும் அதுங்க மணலத் தோண்டிட்டு இருந்துச்சு, ஊத்துத் தண்ணி தெளிவா இருக்கும்னு. ஒரு மூத்த பெண் யானை முன்னங்காலால மணலத் தள்ளி, தும்பிக்கையால அள்ளி வெளிய போட்டு, கலங்கல் தண்ணிய ரெண்டு தடவை உறிஞ்சி ஊத்திட்டு, மூணாவது தடவை தான் குடிச்சுது. ஒரு குட்டி வந்து தலையால முட்டுது, அது நகர்ந்து இடம் குடுத்துச்சு, குட்டிக்கு தும்பிக்கை எட்டல, மண்டி போட்டு உள்ள தலைய விட்டுச்சு. அந்த மூத்தது இடது காது கிழிஞ்சு தொங்குது, கன்னம் குழி விழுந்திருக்கு. பெரியவர் மெதுவா சொன்னாரு: "இவளுக்கு அம்பது தாண்டியிருக்கும். சுட்ட காலத்துல இவ குமரியா இருந்திருப்பா."

அப்படித் தான் பேச்சு ஆரம்பிச்சுது. அடுத்த ரெண்டு நாளும் கொஞ்சம் கொஞ்சமா அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் தேடிப் படிச்சதையும் சேத்து எழுதறேன்.

தந்தத்துக்காக வேட்டையாடி வேட்டையாடி 1900 வாக்குல இந்தப் பக்கம் யானையே கிட்டத்தட்ட இல்ல. முதல் வார்டன் ஸ்டீவன்சன் ஹாமில்டன் காலத்துல லெட்டாபாவும் ஒலிஃபன்ட்ஸ் ஆறும் சேர்ற இடத்துப் பக்கம் விரல் விட்டு எண்ற அளவுக்குத் தான் இருந்துச்சு. 1926-ல நேஷனல் பார்க் ஆச்சு, யானை திரும்பி வந்து பெருகுச்சு. அப்புறம் 1960-கள்ல பயம் வந்துடுச்சு, இப்படியே போனா மரம் ஒண்ணும் மிஞ்சாதுன்னு. சதுர மைலுக்கு ஒரு யானைன்னு ஒரு கணக்குப் போட்டாங்க, மொத்தம் 7,000 கிட்ட, அதுக்கு மேல வர்றதெல்லாம் சுடணும்னு. 1967-ல ஆரம்பிச்சு 1994 வரைக்கும் 27 வருஷம் 14,000-த்துக்கும் மேல கொன்னிருக்காங்க. அப்படின்னா வருஷத்துக்கு 500-க்கு மேல.

எப்படிக் கொன்னாங்கங்கறது தான் கேக்க முடியல. ஹெலிகாப்டர் மேல வந்தா யானைங்க சிதறி ஓடாது, குட்டிங்கள நடுவுல விட்டுட்டு பெருசுங்க எல்லாம் சுத்தி நெருக்கி நிக்கும். காப்பாத்தறதுக்காக நிக்கும். சுடறவங்களுக்கு அது தான் வசதி. ரொம்ப வருஷம் ஸ்கோலின்னு ஒரு மருந்த ஊசித் துப்பாக்கியில அடிச்சாங்க, அது தசைய முடக்கும், மூளைய மயக்காது. யானை விழுந்து கிடக்கும், நினைவு இருக்கும், மூச்சு விட முடியாது, தரையில இருக்கறவங்க வந்து சுடற வரைக்கும் அப்படியே. ஏன் அந்த மருந்துன்னா, கறி கெடாது. பின்னாடி அது சித்திரவதைன்னு ஒத்துக்கிட்டு நேரடியா குண்டுக்கு மாறினாங்க. பார்க்கோட தலைமை கேம்ப் ஸ்குகூசாவுல இதுக்குன்னே இறைச்சிக் கூடம் இருந்துச்சு, கறி, தோல், தந்தம், எதுவும் வீணாப் போகல. முதல் நாள் மத்தியானம் கடையில பில்டாங்னு உப்புக் கண்டம் மாதிரி ஒண்ணு வாங்கினோம், குடூ மான் கறி, அப்பா ஆசையா சாப்பிட்டாரு. இதக் கேட்டப்புறம் மிச்ச பாக்கெட்ட பையில இருந்து எடுக்கவே இல்ல.

அப்பா நடுவுல ஒரு கேள்வி கேட்டாரு, நான் தான் மாத்திச் சொன்னேன். "கூட்டத்துல வயசானது, நோஞ்சான் இதுங்கள மட்டும் சுட்டிருக்கலாமே, எதுக்கு முழுக் குடும்பம்?" பெரியவர் சொன்னாரு, மிச்சம் விட்டா அது பைத்தியம் புடிச்ச மாதிரி திரியும், மத்த கூட்டத்துக்கும் பயத்தப் பரப்பும், மனுஷன வந்து மோதும், அதனால ஒரு குடும்பம்னு எடுத்தா முழுசா முடிச்சிடணும்கறது தான் அவங்க நியாயமாம். இரக்கம்னே நெனச்சுத் தான் செஞ்சாங்களாம். "அப்ப குட்டி?"ன்னாரு அப்பா. பெரியவர் அதுக்கு உடனே பதில் சொல்லல, தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு.

ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் இருக்கற குட்டிங்கள சில சமயம் விட்டு வெச்சாங்க. செத்துக் கிடக்கற தாய் பக்கத்துல இருந்து புடிச்சு, லாரியில ஏத்தி, வேற ரிசர்வுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் அனுப்பினாங்க. அப்படி 1980-கள் வாக்குல நிறைய குட்டி பிலான்ஸ்பர்க்ங்கற இன்னொரு பார்க்குக்குப் போச்சு. பெருசு ஒண்ணும் கூட இல்லாம அதுங்க தானா வளந்துச்சு. 1992-ல இருந்து 1997 வரைக்கும் அந்தக் காட்டுல வெள்ளைக் காண்டாமிருகம் ஒண்ணொண்ணா செத்துக் கிடக்குது, நாப்பதுக்கும் மேல. வேட்டைக்காரன் வேலை இல்ல, கொம்பு அப்படியே இருக்கு. கடைசியில பாத்தா அந்த அனாதைக் கொம்பன்கள் தான் குத்திக் கொன்னிருக்கு. வயசுக்கு முன்னாடியே மதம் புடிச்சு, மாசக்கணக்குல எறங்காம. 1998-ல இதே க்ரூகர்ல இருந்து வளந்த கொம்பன் ஆறக் கொண்டு போய் விட்டாங்க. சின்னதுங்களுக்கு மதம் அடங்கிடுச்சு, காண்டாமிருகச் சாவும் நின்னுடுச்சு. பெருசு ஒண்ணு பக்கத்துல நிக்கறது போதுமா இருந்திருக்கு.

அதோட முடியல. 2013-ல வந்த ஒரு ஆராய்ச்சி, அதே பிலான்ஸ்பர்க் யானைகளயும் கென்யாவுல அம்போசெலி யானைகளயும் வெச்சுப் பண்ணது. ஸ்பீக்கர்ல வேற வேற யானையோட குரலப் போட்டுக் காட்டியிருக்காங்க. அம்போசெலி யானைங்களுக்கு எது தெரிஞ்ச குரல், எது வெளியாள், எது வயசுல மூத்தவளோட குரல்னு தெரியுது, அதுக்குத் தகுந்த மாதிரி கூடி நிக்குது. பிலான்ஸ்பர்க் யானைங்களுக்கு அந்த வித்தியாசம் புரியல. இத்தனைக்கும் சுட்டு முடிச்சு இருபது முப்பது வருஷம் ஓடிப் போச்சு. சொல்லிக் குடுக்க ஆளில்ல, அவ்வளவு தான்.

இதப் படிச்சப்ப தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. சுடணும்கறவங்களும் சரி, கூடாதுங்கறவங்களும் சரி, எத்தனை யானைங்கற நம்பர்லயே நிக்கறோம். 7,000 இருக்கட்டும், மேல வர்றத எடுத்துடலாம்னா, ஏதோ புல்லு வெட்டற மாதிரி, வெட்டினா நீளம் குறையும், மிச்சம் அப்படியே இருக்கும்னு நெனைக்கறோம். மிச்சம் அப்படியே இருக்கறதில்ல. எந்த வறட்சியில எந்த ஊத்துக்குப் போகணும், யார நம்பணும், எப்ப மதம் அடங்கணும், இதெல்லாம் பெருசுங்க தலைக்குள்ள இருக்கு. அதச் சுட்டுட்டு மிஞ்சினத எண்ணிப் பாத்து கணக்கு சரின்னா, கணக்கே தப்பு. என்ன பொறுத்தவரைக்கும் தப்பு எண்ணிக்கையில இல்ல, குடும்பத்த உடைச்சதுல.

இன்னொண்ணு, அத்தனை யானை ஏன் ஒரே இடத்துல சேந்துச்சுன்னு யாரும் அந்த வேன்ல கேக்கல. பெரியவர் தண்ணி இறைக்கற ஒரு பழைய காத்தாடிய கைகாட்டினாரு, ரெக்கை ஒடிஞ்சு நிக்குது, கீழ வறண்ட தொட்டி. மிருகம் தாகத்துல சாகக் கூடாது, டூரிஸ்டும் பாக்கணும்னு 1930-கள்ல இருந்து 300-க்கும் மேல போர்வெல் போட்டு தண்ணி இறைச்சிருக்காங்க. மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் வேலி போட்டாச்சு. முந்தி மழை காலத்துல ஒரு பக்கம், வெயில் காலத்துல ஒரு பக்கம்னு நடந்த யானைக்கு அப்புறம் நடக்கவும் வழியில்லாம போச்சு, நடக்க வேண்டிய அவசியமும் இல்லாம போச்சு, காலடியில தண்ணி. வறட்சியில சாக வேண்டிய குட்டி சாகல, தண்ணியச் சுத்தி இருக்கற மரம் தான் செத்துச்சு. வடக்கே ரோன் மான் கிட்டத்தட்ட அழிஞ்சு போனதும் இதே தண்ணியால தான்: தண்ணிக்கு வரிக்குதிரை வந்துச்சு, அது பின்னாடி சிங்கம் வந்துச்சு, ரோன் மான் மாட்டிக்கிச்சு. நாமளே தண்ணி குடுத்து, நாமளே வழிய அடைச்சு, அப்புறம் பெருகிடுச்சுன்னு நாமளே சுட்டோம்னா அத நிர்வாகம்னு எப்படிச் சொல்றது?

1994-க்கு அப்புறம் சுடறத நிறுத்தி, பாதிக்கு மேல போர்வெல்ல மூடிட்டாங்க. 2002-ல மொசாம்பிக்கோட ஒப்பந்தம் போட்டு கிழக்கு வேலியில கொஞ்சம் பிரிச்சாங்க. ப்ரிட்டோரியா யூனிவர்சிட்டியில ரூடி வான் ஆர்டே மாதிரி ஆளுங்க ரொம்ப நாளா சொல்றது இது தான், எண்ணிக்கையக் குறைக்காதீங்க, இடத்தப் பெருசாக்கி நடக்க விடுங்க, காடு தானா மூச்சு விட்டுக்கும்னு. 2008-ல அரசாங்கம் புது விதி போட்டு, வேற எதுவுமே பலிக்கலன்னா கடைசியா சுடலாம்னு கதவத் தொறந்து வெச்சிருக்கு. அந்தக் கதவு வழியா இன்னும் யாரும் க்ரூகர்ல நுழையல, ஆனா அது தொறந்தே தான் இருக்கு. யானை இப்ப 20,000-த்தயும் தாண்டிடுச்சு. அதனால தான் அந்தச் சின்னப் பையன் பேசினது வெறும் வாய்ச் சவடால் இல்ல, நாளைக்கே மறுபடி வரக் கூடிய பேச்சு.

சுடக் கூடாதுன்னு சொல்றவங்க கை சுத்தம்னும் நான் சொல்ல மாட்டேன். கென்யாவுல ட்சாவோ பார்க்ல 1960-கள்ல இதே சண்டை வந்துச்சு. ரிச்சர்ட் லாஸ்ங்கற விஞ்ஞானி சுட்டுக் குறைங்கன்னாரு, வார்டன் டேவிட் ஷெல்ட்ரிக் இயற்கை பாத்துக்கும்னாரு. 1970, 71 வறட்சியில 6,000 கிட்ட யானை பட்டினியில செத்துச்சு, பெரும்பாலும் தாயும் குட்டியும், தண்ணிய விட்டு தூரமா போக முடியாம. குண்டு ஒரு நொடி, பட்டினி மாசக் கணக்கு. விட்டுடலாம்னு சொல்றவங்க இதயும் சேத்துத் தான் சொல்லணும். நான் சேத்துத் தான் சொல்றேன். வறட்சியில செத்தப்ப மூத்ததுல கொஞ்சமாவது தப்பிச்சு வழி காட்ட மிஞ்சுச்சு, காடும் அப்புறம் வேற மாதிரி எழுந்துச்சு. ஹெலிகாப்டர் வட்டத்துல இருந்து யாரும் தப்பிக்கல.

அதே மாதிரி அந்த ஜெர்மன் அம்மா கோவமும் எனக்கு முழுசா ஒட்டல. 2024-ல போட்ஸ்வானா ஜனாதிபதி மசிசி, 20,000 யானைய உங்க ஊருக்கே அனுப்பறேன், கூட வாழ்ந்து பாருங்கன்னு ஜெர்மனிக்குச் சொன்னாரு. போட்ஸ்வானாவுல ஒரு லட்சத்து முப்பதாயிரம் யானை. அதே வருஷம் நமீபியாவுல வறட்சி, 83 யானையோட சேத்து 723 மிருகத்தச் சுட்டு ஜனங்களுக்குக் கறி குடுக்கறோம்னு அறிவிச்சாங்க. பசியில இருக்கறவங்க அடுப்புல ஏறற கறியப் பத்தி வயிறு நிறைஞ்ச நான் என்ன சொல்றது. சொல்ல முடியறது ஒண்ணு தான்: ஜனங்களுக்கு தானியம் குடுக்கறது அரசாங்கத்தோட கடமை, அது தவறின இடத்துல யானைய நிவாரணப் பொருளா மாத்தறது தீர்வு ஆயிடாது.

க்ரூகர் வேலிக்கு வெளிய இருக்கற ஊர்க்காரங்க பத்தி அப்பா தான் கேட்டாரு. வேலி தாண்டி வந்தா என்ன பண்ணுவாங்கன்னு. சில சமயம் விரட்டுவாங்க, சில சமயம் அதிகாரிங்க வந்து சுடுவாங்கன்னாரு பெரியவர். அவரோட தங்கச்சி வயல்ல மக்காச்சோளம் ரெண்டு வருஷம் போயிருக்கு. அப்பாவுக்கு அதக் கேட்டதும் முகமே மாறிடுச்சு, எத்தனை ஏக்கர், எந்த மாசம், வேலி கம்பியா கரண்ட்டான்னு கேள்வி மேல கேள்வி. நான் ரெண்டு பக்கமும் மாத்திச் சொல்லிட்டே இருந்தேன், நடுவுல நான் இருக்கறதே ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு, அப்பா தமிழ்லயும் அவர் சோங்காலயும் கையாலயே பேசிக்கிட்டாங்க. மிளகாத்தூளக் கயித்துல தடவிக் கட்டறது, தேன்பொட்டி வெக்கறதுன்னு அவர் சொன்னப்ப, "தேனீ சத்தத்துக்கு ஆனை அஞ்சும், எங்க பக்கமும் சொல்லுவாங்க"ன்னு அப்பா. அவுட்டுக்காய் பத்தி அப்பா சொன்னாரு, பழத்துக்குள்ள வெடி வெச்சு காட்டுப் பன்னிக்குப் போடறத யானை கடிச்சு வாய் சிதறிச் சாகறது. பெரியவர் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

மூணாவது நாள் சாயங்காலம் போன பிரைவேட் ரிசர்வ்ல கால்ல இறங்கி நடக்கலாம். பெரியவர் ஒரு மரூலா மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனாரு, அடிமரத்தச் சுத்தி ஆளுயரத்துக்கு கம்பி வலை கட்டியிருக்கு. பக்கத்துல வலை கட்டாத மரம் ஒண்ணு, பட்டைய முக்கால் சுத்து உரிச்சிருக்கு. தொட்டுப் பாத்தேன், உரிச்ச இடம் காஞ்சு வழுவழுன்னு, ஓரத்துல புதுப் பட்டை உதடு மாதிரி உருண்டு மூட வந்துட்டு இருக்கு. முழுச் சுத்தும் உரிச்சா மரம் செத்துடும், ஒரு கையகலம் பட்டை மிஞ்சினாக் கூட பொழைச்சுக்கும்னாரு. மரத்தக் காப்பாத்தணும்னா சில நேரம் மரத்துக்கு ஒரு சட்டை போட்டா போதும். இந்த மாதிரி சின்ன ரிசர்வ்ல பெண் யானைக்கு கருத்தடை ஊசியும் போடறாங்க, தூரத்துல இருந்து ஊசித் துப்பாக்கியில, மயக்க வேண்டியதில்ல. மகலாலிங்கற ரிசர்வ்ல 2000-ல ஆரம்பிச்சது, நல்லா வேலை செஞ்சுது. க்ரூகர் அளவுக்கு ஆயிரக்கணக்குல வருஷா வருஷம் தேடித் தேடிப் போடறது நடக்கற காரியம் இல்லங்கறதையும் அவரே சொன்னாரு, மறைக்கல.

கடைசி ராத்திரி நெருப்பு பக்கத்துல உக்காந்திருந்தப்ப அப்பாகிட்ட கேட்டேன், இப்பவும் கொறைக்கத் தான் வேணுமாப்பான்னு. "தோட்டத்துக்குள்ள வந்து ஆளக் கொல்ற ஒத்தக் கொம்பன்னா அத அன்னைக்குப் பாத்து முடிவு பண்ணலாம். வட்டம் கட்டி குட்டிய மறைக்கறத மேல இருந்து சுடறது வேற அம்மிணி"ன்னாரு. அப்புறம் பெரியவர் பக்கம் திரும்பி, அவரும் அதச் செய்யப் போனாரான்னு கேக்கச் சொன்னாரு. எனக்குக் கேக்க மனசு வரல. அவரே புரிஞ்சுக்கிட்டு, தரையில நின்னு கறி ஏத்தற வேலை பாத்தேன், ரெண்டு சீசன், அப்பக் கூலி வேணும்னாரு. நாங்க யாரும் ஒண்ணும் பேசல. அப்பா எழுந்து போயி அவருக்கு ஒரு டம்ளர் டீ ஊத்திக் குடுத்தாரு.

ரேட்டிங்னா, புக்கிங்குக்கும் சாப்பாட்டுக்கும் அஞ்சுக்கு ரெண்டு. லெட்டாபா கேம்புக்கும் எலிஃபன்ட் ஹாலுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. முதல் நாள் கைடுக்கு ரெண்டு, அந்தப் பையன் மேல கோவம் இல்ல, ஆனா உயிரப் பத்தின பேச்ச அப்படி ரெண்டு வரியில முடிச்சுட்டு சிங்கத்தத் தேடிப் போகக் கூடாது, அவனுக்கு அந்தப் பெரியவர் கூட ஒரு மாசம் உக்கார வெச்சு ட்ரெயினிங் குடுங்கன்னு கம்பெனிக்கு எழுதியிருக்கேன். பெரியவருக்கு எத்தனை குடுத்தாலும் தகும்.

நீங்க எந்த கம்பெனியில புக் பண்ணாலும் போன்லயே கேட்டுடுங்க, 1994-க்கு முன்னாடி இந்தக் காட்டுல வேலை பாத்த கைடு யாராவது இருக்காங்களான்னு. அவங்கள்லாம் ரிட்டயர் ஆகற வயசு, இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு அப்புறம் கேட்டாலும் கிடைக்க மாட்டாங்க. ஜூன் ஜூலையில கேட் ஆறு மணிக்குத் தொறப்பாங்க, ஓப்பன் வண்டியில அந்த நேரத்துக்கு காத்து மூஞ்சிய அறுக்கும். கம்பளி அவங்களே தர்றாங்க, கைக்கு கிளவுஸும் வயசானவங்களுக்கு காதுக்குக் கட்ட ஒரு மஃப்ளரும் நீங்க கொண்டு போயிடுங்க.